ஆசாரி தொட வேண்டிய கார்

பழைய வண்டிகள் – 14

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப். அதுவரை பக்தர்களுக்கு நடையும் டோலியும்தான். அந்த வளைவுகளில் முனகியபடி ஏறிய பழைய கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் எஞ்சினை விசாரிப்பார்கள். ரேடியேட்டர் கொதித்த கதையைக் கேட்பார்கள். தலைக்கு மேலே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மரம் இருந்தது.

1930களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான மூடிய கார்களின் கூரை முழுத் தகடு அல்ல. காரின் கூரையை மூடும் அளவுக்கு அகலமான எஃகுத் தகட்டை உருட்டித்தர அன்றைய ஆலைகளால் முடியவில்லை. ஓரங்களில் தகடு, நடுவில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையின் குறுக்கே வில் போல வளைந்த மரச் சட்டங்களை வைத்து, மேலே கோழிக்கூட்டுக் கம்பி வலை, அதன்மேல் பஞ்சு, கடைசியாக ரெக்சின் போன்ற துணி என்று மூடினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் ஒரே தகட்டில் அழுத்திய கூரையை 'டரட் டாப்' என்ற பெயரில் கொண்டுவந்த பிறகுதான் இந்த ஓட்டை மெல்ல மறைந்தது. இன்று அதே திருப்பதிப் பக்கம், ஸ்ரீசிட்டியில், இசுசூ ஆலை தகட்டை அழுத்தி வண்டி செய்கிறது. அங்கே ஆசாரிக்கு வேலை இல்லை.

பழைய காரில் அவர்தான் முக்கியமான ஆள். சென்னையின் சிம்சன் கம்பெனியையே பாருங்கள். 1840இல் தொடங்கி, குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கிய நிறுவனம் அது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். குதிரையின் இடத்தில் எஞ்சின் வந்தது. கூண்டைக் கட்டும் கை மாறவில்லை. கழுந்தும் துளையும் போட்டு, வஜ்ஜிரம் தடவி, திருகாணி முடுக்கும் அதே வேலை. தெலுங்கில் வட்ரங்கி, தமிழில் ஆசாரி. சித்தூர்க் கடைத்தெருவில் இரண்டும் காதில் விழும்.

இங்கிலாந்திலிருந்து வந்த கார்களில் இந்தச் சட்டம் பெரும்பாலும் 'ஆஷ்' மரம். வளைந்துகொடுக்கும், அதிர்ச்சி தாங்கும். கோடாரிக்கும் கிரிக்கெட் ஸ்டம்புக்கும் அதை நாடுவது இதற்காகத்தான். மோர்கன் கம்பெனி இன்றும் தன் கார்களுக்கு ஆஷ் சட்டம் போடுகிறது. ஒரே குறை, ஈரம் ஆகாது. மரங்களின் உளுப்புத் தாங்கும் திறனை ஐரோப்பியத் தரம் ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. தேக்கின் வைரம் முதல் வகுப்பு, ஆஷ் கடைசி வகுப்பு. ஐப்பசி கார்த்திகை அடைமழையும், 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊரில் அந்த மரத்தின் கதி என்னவாகும்? வெயிலில் கூரைத் துணி வெடிக்கிறது. ஆணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்குகிறது. பஞ்சு அதைக் குடித்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறது. முதலில் உளுப்பது முன் கண்ணாடிக்கு மேலிருக்கும் சட்டம், அடுத்து பின் மூலைகள். விரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிரும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

இந்த நிலையில் ஒரு கார் பட்டறைக்கு வந்தால் அவசரக்காரர்கள் செய்யும் தவறு, உளுத்ததை எல்லாம் பிய்த்து ஒரே நாளில் குப்பையில் போடுவது. அதோடு காரின் வரைபடமும் போய்விடும். கையால் கட்டிய உடலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் அப்படியே ஒத்துப்போவது அபூர்வம். உளுத்த துண்டுதான் அளவு; அதன் வளைவை அட்டையிலோ ப்ளைவுட்டிலோ பதித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தைத் தொடுவதற்கு முன்பே கதவுகளைச் சாத்தி, உள்ளே குறுக்குக் கம்பிகளால் உடலை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மேல்சட்டத்தைக் கழற்றியதும் தூண்கள் அரை அங்குலம் விலகும். புதுச் சட்டம் எத்தனை அழகாக அமைந்தாலும் கதவு பூட்டில் விழாது. ஒன்றைக் கழற்றி, ஒன்றைச் செய்து, பொருத்திய பிறகே அடுத்ததைத் தொடுவது அனுபவசாலிகளின் வழக்கம். மெதுவான வேலை. கூலி கொடுப்பவருக்குப் பொறுமை போய்விடும்.

எந்த மரம் போடுவது?

திருப்பதி என்றதும் செம்மரம் நினைவுக்கு வரும். சேஷாசல மலையின் பெருமையும் சாபமும் அது. 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டத்தின் கெடுபிடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கார் கூரைக்கு அது சரிப்படாது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். கூரையில் ஏற்றினால் வளைவுகளில் வண்டி சாயும். பொம்மைக்கு அது ராஜா. ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலை கிராமத்தின் சிற்பிகள் அதில் என்னவெல்லாம் செதுக்குகிறார்கள்!

நடைமுறையில் மிஞ்சுவது தேக்கு. கரையானும் ஈரமும் சீக்கிரம் அண்டாது. ஆனால் அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் துடைக்காமல் பசை தடவினால் பிடிக்காது. ஆஷைப் போல ஆவியில் வேகவைத்து வளைப்பதும் சுலபமில்லை. அதனால் மெல்லிய பட்டைகளாக அறுத்து, அச்சில் வளைத்து, அடுக்கி ஒட்டுகிறார்கள். அல்லது அகலப் பலகையிலிருந்து வளைவாகவே அறுத்தெடுக்கிறார்கள். இரண்டாவது வழியில் மரம் நிறைய வீணாகும், வளைவின் ஓரத்தில் நார் அறுபட்டு நிற்கும். முதல் வழிதான் மேல்.

தேக்கு போட்டால் அது அதே கார்தானா என்ற சண்டை ஓயாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2013இல் உறுதிசெய்த டூரின் சாசனம், முடிந்தவரை பழைய பொருளைக் காப்பாற்று, மாற்றியதைப் பதிவு செய் என்கிறது. இந்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' எழுத்துடன் தனிப் பதிவெண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உளுத்துப்போன சட்டத்துக்குப் பதில் அதே அளவில் இன்னொரு சட்டம் வைப்பது பெரிய மாற்றமா? திருமலை பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் தேரோட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். தேரில் மரம் மாற்றுவது பராமரிப்பு. ஆனால் கார் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே விவரமானவர்கள் பழைய துண்டுகளை எறிவதில்லை. தூசி தட்டிப் பார்த்தால் பல சட்டங்களின் உட்பக்கம் பென்சிலில் ஓர் எண் இருக்கும். எந்த வண்டிக்கு எந்தச் சட்டம் என்று கட்டியவர் போட்ட அடையாளம். அதைப் படமெடுத்து, துண்டுகளைச் சாக்கில் கட்டி, சீட்டு ஒட்டிப் பரணில் வைக்கிறார்கள். புதுச் சட்டத்தின் உட்பக்கத்திலும் அதே எண்ணை எழுதி, பக்கத்தில் மாற்றிய ஆண்டைக் குறிக்கிறார்கள். துணி மூடிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது.

(அடுத்த வாரம்: கூரைத் துணியும் கம்பி வலையும்)