மலைக்குளிரில் மணவிழா உடை

உதகையிலிருந்து ஒரு நிக்காஹ் அழைப்பு வந்திருக்கிறது. கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ இருக்கும் நீங்கள் ஆவலோடு அலமாரியைத் திறக்கிறீர்கள். கடற்கரைப் புழுக்கத்துக்கென வாங்கிய மெல்லிய சேலைகளும் ஜிப்பாக்களுமே கண்ணில் படுகின்றன. அவற்றோடு மலையேறினால், மணமக்களுக்காக துஆச் செய்ய வேண்டிய உதடுகள் குளிரில் நடுங்கிக் கொண்டிருக்கும்!

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை. எனவே, குளிரை மட்டுமல்ல, ஈரத்தையும் எண்ணியே உடை தேர்ந்தெடுக்க வேண்டும்.

கதகதப்பு உள்ளே, அழகு வெளியே

தடித்த ஆடை ஒன்றைவிட, மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்று மேலானவை. அவற்றின் இடையே தங்கும் காற்றே உடற்சூட்டைக் காக்கிறது. நனைந்த பருத்தி எளிதில் உலராது. உடலோடு ஒட்டிக் குளிரூட்டும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்புத் தரும். கால்நடைகளில் மனிதனுக்குக் கதகதப்பை வைத்திருப்பதைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் (16:5) நினைவூட்டுவதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

சகோதரிகளே! முழுக்கை வைத்த, கழுத்து மூடிய கம்பளி உள்சட்டையைச் சேலைக்குப் பொருந்தும் நிறத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். குளிருக்கும் அரண், மார்க்கம் கூறும் மறைவுக்கும் துணை. பட்டிலே மழைத்துளி விழுந்தால் கறை படியும். ஈரத்தில் சரிகை கறுக்கும். ஆகவே பட்டுச்சேலையைப் பையில் எடுத்துச் சென்று மண்டபத்தில் உடுத்துவதே நலம். முக்காட்டுக்கு மேல் கம்பளிச் சால்வையைப் போர்த்தி ஊசி குத்திவிட்டால், காற்றுக்கும் கலையாது.

சகோதரர்களே! ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் விலக்கப்பட்டவை என்பதை அறிவீர்கள். பட்டு ஷேர்வானியை நாடாமல் கம்பளித் துணியில் தைத்துக் கொண்டால் மார்க்கமும் பேணப்படும், குளிரும் அண்டாது. கால்சட்டை கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்; சேறும் படாது.

காலும் உளூவும்

ஈரத் தரையில் வழவழப்பான தோல் அடிகள் வழுக்கும். ரப்பர் அடியுள்ள காலணியோடு புறப்பட்டு, விழாக் காலணியைப் பையில் வையுங்கள். உளூச் செய்தபின் அணிந்த தோல் காலுறையின் மீது மஸஹ் செய்யும் சலுகை உண்டு: ஊரில் இருப்போருக்கு ஒரு பகலும் இரவும், பயணிக்கு மூன்று பகலும் இரவும். மெல்லிய நூல் காலுறைக்கு இச்சலுகை பொருந்தாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை.

ஓர் எச்சரிக்கை! நனைந்த உடைகளை உலர்த்தவோ குளிர் காயவோ, மூடிய அறையில் கரியடுப்பை மூட்டாதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; உறங்குவோரின் உயிரையே குடித்துவிடும்.

மறந்துவிடக் கூடாதவர்கள்

அழைப்புக் கிடைத்தும் வராதவர்களை எண்ணிப் பார்த்தீர்களா? “போட்டுக்கொண்டு வர நல்ல ஸ்வெட்டர்கூட இல்லையே” என்று கூசி, ஏதோ சாக்குச் சொல்லி ஊரிலேயே தங்கிவிடும் மாமியும் குப்பியும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! நல்லாடை விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புபவன் என்று விளக்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றார்கள். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமாவின் உணவையும் கண்டித்தார்கள்.

எனவே விழா வீட்டாரே! அழைப்பிதழோடு, “குளிருக்கு வேண்டியவை இங்கே இருக்கின்றன, வெறுங்கையோடு வாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாயிலில் பத்துச் சால்வைகளை மடித்து வையுங்கள். வருவோர் அனைவருக்கும் ஒன்றுபோல் நீட்டுங்கள். எவருடைய இல்லாமையும் வெளியே தெரியாது. விருந்தினராகச் செல்வோர் உபரியாக ஒரு கம்பளி ஆடையைப் பெட்டியில் வையுங்கள். உங்கள் அருகில் நடுங்கும் தோளுக்கு அது உதவும்.

ஆடைகளில் மேலானது தக்வா என்னும் ஆடையே. அதை அணிந்து செல்வோர் கூடும் மணவிழாவில், இன்ஷா அல்லாஹ், எவரும் குளிரில் நிற்கமாட்டார்கள்.