தோள்வலியும் சீன ஊசியும்

பௌர்ணமிக்கு முதல் நாள் நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை சுற்ற வரும் கூட்டத்துக்கு வேண்டிய கற்பூரம், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாம் இரவோடு இரவாக அடுக்கியாக வேண்டும். அப்படி ஒரு நாளில்தான் நம் மளிகை நண்பர் ஒருவரின் வலது கை, மேல்தட்டுக் கற்பூர டப்பாவை எட்டப் போய்ப் பாதியிலேயே நின்றுவிட்டது.

முப்பது வருடம் சிப்பம் இறக்கி, மூட்டை பிரித்து, தராசு பிடித்த கை. தைலம் தடவினார், மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்கினார். நாலு மாதத்தில் சட்டைக்குள் கை நுழைக்க வீட்டார் உதவி வேண்டும் என்ற நிலை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாது. கடையை வாடகைக்கு விட்டுவிடலாமா என்று எங்களிடமே கேட்டார். அதற்குப் பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனார்.

டாக்டர் சொன்னது 'உறைதோள்'. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கித் தடித்து இறுகிவிடுகிறது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் அதிகம் வரும். சீனாவில் இதற்கு 'ஐம்பது வயதுத் தோள்' என்றே பெயர். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும். நம் நண்பருக்குச் சோதித்தபோது சர்க்கரை எகிறியிருந்தது. அதுவரை அவர் சோதித்ததே இல்லை. கல்லாவில் உட்கார்ந்து நாளைக்குப் பத்து டீ குடிக்கும் நம்மில் எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்?

சர்க்கரைக்கு மாத்திரையும் தோளுக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். வலியால் பயிற்சி செய்ய முடியவில்லை. அப்போது மகன் சொன்னதுதான் அக்குபங்சர். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நாமும் போனோம்.

ஊசி என்றதும் நாம் கோணி ஊசியை நினைத்துக்கொண்டோம். பார்த்தால் தலைமுடி போல மெல்லிய கம்பி. உள்ளே மருந்து ஏதும் இல்லை. தோளில் மூன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒன்று குத்தினார்கள். குத்திய இடத்தில் வலியைவிட ஒரு கனமும் மரமரப்பும்தான் தெரிந்தது என்றார் நண்பர். வேடிக்கை என்னவென்றால், முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் முன்பக்கமும் ஒன்று குத்தி, "இப்போது கையைத் தூக்குங்கள்" என்றார்கள். தோள்வலிக்குக் காலில் ஊசியா என்று நாம் சிரித்தோம். ஸ்பெயினில் 425 நோயாளிகளிடம் அந்த ஒரே புள்ளியை உடற்பயிற்சி சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்து, பலன் இருந்ததாக 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

இந்த முறை நம் நாட்டுக்கு வந்த கதையும் சுவையானதே. ஜப்பான் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு 1938-ல் இந்தியா ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்தார். உடன் சென்ற பி.கே. பாசு பிற்காலத்தில் மறுபடி சீனா போய் இந்த ஊசிக் கலையைக் கற்று, கல்கத்தாவில் சிகிச்சை தரத் தொடங்கினார். 2019-ல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று ஆணையிட்டது. ஊசியோடு சேர்த்துச் சூடு காட்டவும் ஒரு மூலிகையைச் சுருட்டிக் கொளுத்துகிறார்கள். அது நம் பூக்கடை மரிக்கொழுந்தின் இனம்தான்.

பலன் உண்டா? வணிகர்கள் நாம் எடை பார்க்காமல் வாங்க மாட்டோம் அல்லவா! ஜெர்மனியில் நாள்பட்ட தோள்வலிக்காரர்கள் 424 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் 15 முறை சிகிச்சை. மூன்று மாதம் கழித்து வலி பாதியாவது குறைந்தவர்கள், முறைப்படி ஊசி போட்டவர்களில் 65 சதவீதம். பொய்யாக ஊசி போட்டவர்களில் 24. வழக்கமான எலும்பு சிகிச்சை பெற்றவர்களில் 37. இது 2010-ல் வெளியானது. ஆனால் எல்லா ஆய்வுகளும் இப்படிச் சாதகமாக இல்லை. உறைதோள் பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே இளகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். முழுப் பெருமையையும் ஊசிக்கே எழுத நமக்கு மனமில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென இடது தோளும் கையும் வலித்து, நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டினால் ஊசிக்காரரிடம் போகாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஊசி போடுபவர் உறையைப் பிரித்து ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை எடுக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். தோள் மேட்டில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் வரை போகும் ஆபத்து உண்டு; பயிற்சி பெற்றவரா என்று கூசாமல் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நம் நண்பருக்குப் பன்னிரண்டு முறை ஆகியிருக்கிறது. இரவில் தூங்குகிறார். காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன் சுவரில் விரல்களை ஏணி ஏறுவது போல நகர்த்திப் பயிற்சி செய்கிறார். எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுகிறார். போன வாரம் கோடு இரண்டாம் தட்டு வரை வந்திருந்தது. மேல்தட்டுக் கற்பூரத்தை இன்னும் பையன்தான் எடுத்துக் கொடுக்கிறான்.