வீட்டுக் கட்டிலிலேயே உறக்கப் பரிசோதனை

பலத்த குறட்டை, நடுவில் மூச்சுத் திணறி விழிப்பு, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால், அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூக்கடியில் மெல்லிய குழாய், மார்பில் பட்டை, விரல்நுனியில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப். இவற்றோடு வழக்கம்போல் உறங்கினால் போதும். சில கருவிகளில் பதிவுகள் செல்போன் வழியே மருத்துவரைச் சேரும். 10 விநாடியாவது மூச்சு நிற்பதும் குறைவதும் கணக்கில் வரும். மணிக்கு 5 முறை என்றாலே கவனிக்க வேண்டும். 30ஐத் தொட்டால் தீவிரம். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலைகளைப் பதிவதில்லை; அதனால் கோளாறு சில வேளை பிடிபடாமல் போகலாம். எனவே, கோளாறு இல்லை என்று முடிவு வந்தும் தொல்லை நீடித்தால், மருத்துவமனையில் ஓர் இரவு முழுப் பரிசோதனை அவசியம். குறட்டையை நல்ல தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.