புசல்லாவைத் தேயிலையும் ஆபிரிக்கக் கொக்கோவும்

வாணிகம் இருவகைத்து. தன் தேவைக்கு மிஞ்சியதை விற்று வேண்டியதை வாங்குவது ஒன்று; பிறர் தேவைக்கென்றே விளைவித்துத் தன் உணவுக்குப் பிறரை நோக்கி நிற்பது மற்றொன்று. ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே நூறாண்டுகளுக்கு மேலாக நிகழும் உணவுப்பொருள் வாணிகம் பெரிதும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் இயல்பை அறியக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையிலுள்ள நம் புசல்லாவையின் வரலாறே போதிய சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்மலைகள் முதலிற் கோப்பி நிலங்களாயின. 1841ஆம் ஆண்டில், றொத்சைல்ட் குடும்பத்தாரின் உறவினரான வோம்ஸ் சகோதரர்கள், புசல்லாவையிலிருந்த தம் றொத்சைல்ட் தோட்டத்திற் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டனர். எனினும் அக்காலத்திற் கோப்பியே கோலோச்சியது. அதன் விலையோ இலண்டன் மாநகரில் தீர்மானிக்கப்பட்டது. 1847ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவிலே வாணிகம் தளர்ந்தபோது இங்குள்ள தோட்டங்கள் பல நொடித்தன. பின்னர் 1869இல் இலைநோய் தோன்றி, ஏறத்தாழ இருபதாண்டுகளிற் கோப்பியை அழித்தது. ஒரே பயிரை நம்பிய நாடு ஒரே நோயால் வீழ்ந்தது.

அவ்விடத்தைத் தேயிலை நிரப்பியது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துறையிற் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்டார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1883இற் கொழும்பில் ஏலம் தொடங்கிய பின்னரும் இலண்டன் ஏலத்தின் செல்வாக்கு நெடுங்காலம் நீடித்தது. அது 1998இலேயே முடிவுற்றது.

இவ்வாணிகத்தின் மறுபக்கம் சோறு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் விளைவித்தது தேயிலை. அவர்கள் உண்டதோ இந்தியாவிலும் பர்மாவிலும் விளைந்த அரிசி. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, அரிசி வரவு குன்றிப் பங்கீட்டு முறை வந்தது. 1952இற் சீனத்துடன் செய்த உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் கொடுக்க இலங்கை இசைந்தது. உண்ணத்தகாத பொருளை விளைவித்தோர் உணவுக்காக எத்துணைத் தூரம் கை நீட்ட நேர்ந்தது என்பதை இது காட்டும்.

இனி ஆபிரிக்காவை நோக்குவோம். 1879இல் டெற்றே குவாஷி என்பார் கொக்கோ விதைகளை இன்றைய கானாவுக்குக் கொணர்ந்தார் என்பர். இன்று கானாவும் ஐவரி கோஸ்டும் உலகக் கொக்கோவிற் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. ஆயினும் சொக்கலேற்றுத் தொழிலின் பெரும் இலாபம் ஐரோப்பிய ஆலைகளுக்கே சேர்கிறது. 1975ஆம் ஆண்டின் லோமே உடன்படிக்கை ஆபிரிக்கப் பொருள்கள் பலவற்றுக்கு ஐரோப்பியச் சந்தையைத் தீர்வையின்றித் திறந்தது. வாயில் திறந்தது மெய்; எனினும் ஆலையும் முதலும் வாணிகப் பெயரும் இல்லாதார் அவ்வாயில் வழியே மூலப்பொருளையன்றிப் பிறிதொன்றைக் கொண்டு செல்லுதல் அரிது. எதிர்த்திசையில், ஐரோப்பாவின் உறைந்த கோழியிறைச்சி கானாவின் சந்தைகளை நிரப்பி, அந்நாட்டுக் கோழி வளர்ப்போரை நலிவுறச் செய்தது.

மாற்றுவழி இல்லையோ எனின், உண்டு. கென்யாவில் 1964இல் உருவான தேயிலை அபிவிருத்தி அமைப்பின்கீழ், சிறு விவசாயிகள் காலப்போக்கில் தொழிற்சாலைகளுக்கே பங்காளராயினர். கானாவும் ஐவரி கோஸ்டும் 2019இல் ஒன்றுகூடி, தொன் ஒன்றுக்கு 400 டொலர் மேலதிகமாகக் கோரின. தனித்து நின்றார்க்கு வாய்க்காத பேரம் கூடி நின்றார்க்கு வாய்த்தது.

விளைவிப்பவன் வறியவனாதல் மண்ணின் குற்றமன்று. பதனிடுதலும் பொதியிடுதலும் விலைகூறுதலும் பிறர் கையில் இருத்தலே காரணம். ஏலத்தில் விலை ஏறினும் இறங்கினும் கொழுந்து பறிப்பவளின் கூடைப் பாரம் குறைவதில்லை. ஆதலின், அவள் பிள்ளைகள் கணக்கியலும் வாணிகமும் பயிர் நூலும் கற்றல் வெறும் உத்தியோகம் நாடியதாக அமைதல் சாலாது. மலையில் விளையும் பொருளுக்கு மலையில் வாழ்வோரும் விலை கூறும் நிலையை எய்துதற்கு அக்கல்வி துணைபுரிதல் வேண்டும்.