அழிய மறுக்கும் பதிவுகள்

மூணாறு லயத்து வீடானாலும் கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்து வீடானாலும், செட்டாப் பாக்ஸில் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டால், வேலைக்குப் போன நேரத்தில் ஓடும் படத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். டிடி ஃப்ரீ டிஷுக்கென்று கடையில் விற்கும் பாக்ஸ்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. டிரைவ் நிரம்பிய பிறகுதான் தொல்லை. பழைய பதிவை அழிக்கச் சொன்னால் பாக்ஸ் மறுக்கிறது. அல்லது அழித்ததாகக் காட்டிவிட்டு, அணைத்துப் போட்டதும் அதே படத்தை மறுபடி பட்டியலில் வைக்கிறது.

ரிமோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறின் வேர் பல நேரம் கரண்டில் இருக்கிறது.

பென் டிரைவ்களில் பரவலாக இருப்பது ஃபேட்32 என்ற அமைப்பு. எந்த ஃபைலின் எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற கணக்கு, டிரைவின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையில் இருக்கும். பதிவு ஓடும்போது படம் ஓரிடத்தில் ஏறும், கணக்கு வேறிடத்தில் ஏறும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி முழங்கும் இடுக்கி மலையில் நடுவே கரண்ட் போனால், சரக்கு இறங்கியும் பேரேட்டில் ஏறாத கடை போலாகிவிடும் டிரைவ். பல பாக்ஸ்களுக்குள் ஓடுவது லினக்ஸ். கணக்கில் பிழை தட்டுப்பட்டால், மற்ற ஃபைல்களும் கெட்டுவிடாதபடி அது டிரைவைப் ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிவிடும். அழிப்பதும் ஒருவகையில் எழுதுவதுதான். ஃபேட்32-ல் ஃபைலை அழித்தால் படம் உடனே துடைக்கப்படுவதில்லை. பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும், அட்டவணையில் அந்த இடம் காலி என்று மாறும். பூட்டிய டிரைவில் அந்தக் குறியைக்கூடப் போட முடியாது.

ஆகவே எடுத்த எடுப்பில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். டிரைவைக் கணினியில் செருகி, வேண்டியதை முதலில் நகலெடுங்கள். பிறகு விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். கணக்கு நேரானதும் பாக்ஸிலேயே அழிக்கலாம்.

ஃபைல் போய் ஃபோல்டர் மட்டும் நிற்பது வேறு கதை. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. நீண்ட படம் பல துண்டுகளாகிவிடும். சில பாக்ஸ்கள் நிகழ்ச்சியின் பெயர், நேரம் முதலியவற்றுக்கெனத் தனிச் சிறு ஃபைல்களும் வைக்கும். ஒரு துண்டு மிஞ்சினாலும் ஃபோல்டர் காலியில்லை. காலியாகாத ஃபோல்டரைப் பல பாக்ஸ்கள் தொடாது.

தமிழக-கேரள எல்லையோர வீடுகளுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டும். கணினியில் தமிழிலோ மலையாளத்திலோ பெயரிட்ட ஃபோல்டர், யுனிகோடு தெரியாத பாக்ஸில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். பாக்ஸ் அந்தக் கேள்விக்குறிப் பெயரையே தேடும். டிரைவில் அப்படி எதுவும் இல்லை. கணினியில் ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றிவிட்டால் பாக்ஸில் அழிக்க முடியும்.

கட்டண டிடிஎச் பாக்ஸில் பதிந்த டிரைவைக் கணினியில் செருகும்போது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கலாம். வேண்டாம் என்றே சொல்லுங்கள். சரி என்றால் பதிவுகள் மொத்தமும் போய்விடும். அவற்றை அந்தப் பாக்ஸின் மெனுவில்தான் அழிக்க வேண்டும்.

செக் செய்த பிறகும் எதுவும் அழியவில்லையா? தேய்ந்துபோன ஃப்ளாஷ் டிரைவ் சில சமயம் எழுதுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதில் ஃபார்மேட்டும் ஏறாது. உள்ளிருப்பதை நகலெடுத்துக்கொண்டு வேறு டிரைவ் வாங்க வேண்டியதுதான்.