சாக்பீஸ், ஸ்டிக்கர், பத்து ரூபாய் ஸ்டாம்பு

உஷ்... சத்தம் போடாமல் வாருங்கள். மணி அதிகாலை நாலே முக்கால். மதுரை ஏ.வி. பாலம், கோரிப்பாளையம் முனை. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் மடியில் நாற்பது பக்க நோட்டு. இன்னொருவர் சட்டைப் பையில் சாக்பீஸ். விபூதி கொட்டினமாதிரி பை பூராவும் வெள்ளை. மூன்றாவது தம்பி, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சுருளை வளையல்போல முழங்கை வரை ஏற்றியிருக்கிறான். நாலாவது ஆள் நான். எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு, டீ சொல்வது.

"வருது, வருது!"

சிம்மக்கல் பக்கமிருந்து ஒரு சைக்கிள். பின்னால் டீ கேன், ஹேண்டில்பாரில் டம்ளர் பை. நோட்டில் ஒரு கோடு. அதற்குப் பின்னாலேயே ஒரு பூக்கூடை. இன்னொரு கோடு. பேப்பர் கட்டோடு ரெண்டு பையன்கள் போட்டி போட்டுப் பறக்கிறார்கள். "மெதுவாப் போங்கடா, எண்ண முடியல!" என்று நோட்டுக்காரர் கத்துகிறார். நாலு கோடு நெடுக்கே, ஒரு கோடு குறுக்கே, ஆக அஞ்சு. ஒவ்வொரு கட்டு முடியும்போதும் எங்களுக்குள் ஒரு கைதட்டல். டீ மாஸ்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

சைக்கிள் பேரணி என்றால் நீங்கள் பார்த்திருப்பது ரிலீஸ் நாள் கூத்து. வெள்ளை டி-ஷர்ட், கொடியசைப்பு, செல்ஃபி, முடிந்ததும் பொங்கல் வடை. நான் உங்களைக் கூட்டி வந்திருப்பது ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு. சைக்கிள்காரர் ஒருவர் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நடக்கிற வேலைகள் இவை. முக்கால்வாசி தமாஷ், கால்வாசி தாள்.

எதற்கு எண்ணுகிறோம்? ஓர் அலுவலகத்தில் ஒரு பெரியவர் எங்களைக் கேட்ட ஒரே கேள்விக்காக. "இப்பல்லாம் யாரு சார் சைக்கிள் ஓட்டுறா?" எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கிட்டுப் போனாலும் இங்கிட்டுப் போனாலும் நாற்காலிதான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை.

யார் ஓட்டுகிறார்கள் என்று இந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். தூங்கா நகரம் என்று நாம் பெருமையடித்துக்கொள்கிறோமே, அந்த நகரத்தைத் தூங்கவிடாமல் வைத்திருப்பவர்கள் சைக்கிளில்தான் வருகிறார்கள். சுக்குக் காபி, பருத்திப்பால், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை. (2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லிதான். குறியீடு பூவுக்குக் கிடைத்தது, கூடையைச் சுமந்து மிதிப்பவருக்கு ஓர் ஓரம்கூடக் கிடைக்கவில்லை.) நைட் டியூட்டி முடிந்த வாட்ச்மேன். கேரியரில் கரண்டியும் மட்டப்பலகையும் கட்டிய கொத்தனார். எட்டு மணிக்கு மேல் நோட்டே தாங்காது, பள்ளிக்கூடப் பிள்ளைகள்! 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06-இல் பையன்களுக்கும் சேர்த்து விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தின் வாரிசுகள். வருஷா வருஷம் லட்சக்கணக்கில் அரசே சைக்கிள் கொடுக்கிறது. அப்புறம் அரசு அலுவலகத்திலேயே ஒருவர் யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கிறார்!

சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884; உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுக்க இறந்தவர்களில் சைக்கிளில் போனவர்கள் 4,800-க்கும் மேல். இன்றைக்கு ஒரு விபத்து நடந்தால், நடந்த இடத்திலேயே போலீஸ்காரர் 'ஐராட்' செயலியில் விவரம் ஏற்றுகிறார், சென்னை ஐ.ஐ.டி.யின் கைவண்ணம் அது. இறந்த சைக்கிள்காரருக்கு அதில் ஒரு வரி உண்டு. பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தவருக்கு எந்தப் பதிவேட்டிலும் வரி கிடையாது. செத்தால்தான் கணக்கு என்பது என்ன நியாயம்? அந்த நாற்பது பக்க நோட்டு உயிரோடு இருப்பவர்களின் பதிவேடு. அதில் நாங்கள் கோடு போடும்போது கைதட்டுவது இதனால்தான்.

சரி, அடுத்த காட்சி. ஸ்டிக்கர்.

டீ கேன்காரரை நிறுத்துவதே பெரிய பாடு. நிறுத்தினால் முதல் கேள்வி, "எவ்வளவு?"

"காசு இல்லண்ணே."

"காசில்லாம ஒட்டுறீகளா? எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லண்ணே, வெறும் ஸ்டிக்கர். ராத்திரி லாரி லைட்டுல மின்னும்."

கொஞ்சம் யோசித்தார். "ஒட்டுறதுதான் ஒட்டுறீக, நேரா ஒட்டுங்க. கேன்லயும் ஒண்ணு போடுங்க." போட்டோம். சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். டீ சொல்லும் என் இலாகா அந்த நிமிஷமே ஆட்டம் கண்டது.

ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின் மட்கார்டில் ஒட்டினால் பூக்கூடை மறைத்துவிடும். அதனால் கூடை விளிம்பில் ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல இடம் பெடல். அசையாமல் நிற்கிற வெளிச்சம் எதுவாகவும் இருக்கலாம். மேலும் கீழும் போய்வருகிற ரெண்டு வெளிச்சம் என்றால் 'ஆள் மிதிக்கிறான்!' என்று ஓட்டுபவர் கண் உடனே பிடித்துக்கொள்ளும். என் அப்பா காலத்தில் விளக்கில்லாமல் ராத்திரி போனால் போலீஸ்காரர் டயர் காற்றைப் பிடுங்கிவிடுவாராம். சைக்கிளுக்கு வரி, வில்லை, டபுள்ஸ் போனால் அபராதம் என்று ஒரு காலம். அதிகாரம் கொஞ்சம் கடுமைதான். ஆனால் ரோட்டில் சைக்கிள் என்று ஒன்று போகிறது என்பதாவது அன்றைக்கு அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

சாக்பீஸ் தம்பியின் வேலை விடிந்த பிறகு. ரோட்டோரப் பள்ளம், மணல் திட்டு, உடைந்த மூடி, எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டு, போட்டோ எடுப்பது. அவன் வட்டங்களில் முதல் மரியாதை, என்னைக் கவிழ்த்த மழைநீர் வடிகால் கிராதிக்கு. கம்பிகள் குறுக்கே இருக்க வேண்டியது நெடுக்கே இருந்தது. என் முன்சக்கரம் அதற்குள் அப்படியே இறங்கியது. நான் இறங்கவில்லை, பறந்தேன். மனு எழுதிக்கொண்டு போனேன். "இந்த ரோடு எங்களது இல்லை" என்றார்கள். அடுத்த இடத்திலும் அதே பதில். அநாதை ரோட்டில் விழுந்தவன் நான்!

அந்த விழுந்த முழங்காலோடு கற்றுக்கொண்ட ரகசியம் இது; சும்மா தருகிறேன். மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல்லே இல்லாத தெரு என்றால் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யாருடைய ரோடு என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால், அதைப் பந்து மாதிரி உதைக்க முடியாது.

ஊருக்கு வெளியே போனால் காட்சி மாறுகிறது. மேலூர் பக்கமோ திருமங்கலம் பக்கமோ நாலுவழிச்சாலையில் நில்லுங்கள். வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம், பால் சொசைட்டி இன்னொரு பக்கம். நடுவில் தடுப்புச் சுவர். திரும்புகிற இடைவெளி எங்கேயோ இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர, பால் கேன் கட்டின சைக்கிள்காரருக்கு என்ன பைத்தியமா? ஓரமாக எதிர்த்திசையில் மிதித்து வருகிறார். அடிபட்டால் 'ராங் சைடு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ரோட்டை வரைந்தவர் அந்தச் சொசைட்டியை வரைபடத்தில் பார்க்கவே இல்லை என்பது எங்கேயும் எழுதப்படுவதில்லை. நத்தம் ரோட்டில் 2023-இல் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமாகப் பறக்கும் பாலம் திறந்தார்கள். மேலே கார்கள் பறக்கின்றன. சைக்கிள்காரருக்குக் கிடைத்தது தூண் நிழல்.

வழியில்லையா என்றால், தாளில் எப்போதோ வழி போட்டாயிற்று. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சைக்கிள் பாதைக்கான விதிமுறையை 1962-இலேயே அச்சடித்துவிட்டது! 2015-இல் திருத்தியும் போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு இடம் தருகிறது, தலைமை கலெக்டர். 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு இன்னும் சுவாரசியம். பாதுகாப்புத் தரத்தைக் காற்றில் விட்டு ரோடு போட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், போட்ட ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவை மனுவில் எழுதியதும் எதிரே இருப்பவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டுமே!

அடுத்தது பத்து ரூபாய் ஸ்டாம்பின் கதை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்க, ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் கேள்வி ஒரு வரிதான்: சாலைப் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் 'சைக்கிள்' என்ற சொல் எத்தனை முறை வந்தது? பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம். அங்கே மனு கொடுத்து ரசீது வாங்கும்போது வருகிற சந்தோஷம், மீனாட்சி கோயிலில் முதல் வரிசையில் நின்று தீபாராதனை பார்த்த சந்தோஷம்.

'நாலு பேர் சேர்ந்து என்னத்தக் கிழிச்சிருவாய்ங்க?' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மூன்று கதைகள் உண்டு.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலையில் நொறுங்கிய உடல்களைத் தைத்துத் தைத்துச் சலித்து, 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அதன்மேல்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் குழு அமைந்தது. 2017-இல் மாவட்டம்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது உள்ளிட்ட உத்தரவுகள் வந்தன. நாங்கள் திங்கட்கிழமை தட்டுகிற கதவின் சாவி அந்த டாக்டருடையது.

நெதர்லாந்தை சைக்கிள் சொர்க்கம் என்கிறோம். பிறவியிலேயே அப்படி இல்லை. 1971-இல் அங்கே சாலையில் 3,000-க்கும் மேல் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தலைப்பிட்டு எழுத, அதே பெயரில் இயக்கம் கிளம்பியது. அம்மாக்கள் ரோட்டை மறித்தார்கள். இப்போதைய பாதைகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இங்கிருந்து நூறு சொச்சம் கிலோமீட்டர். புதுக்கோட்டை. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிள். கல் குவாரிப் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் பெடலில் காலை வைத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் என்ன, ஆண்கள் சைக்கிளே மேல், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்றார்கள்! 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டே ஊருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுத, உலகமே படித்தது. அதே 1992 செப்டம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டமாய்ச் சைக்கிள் மிதிக்கும் 'கிரிட்டிகல் மாஸ்' பிறந்தது. மாசக் கணக்குப் பார்த்தால் புதுக்கோட்டைதான் அக்கா!

மதுரைக்கும் மோட்டார் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுவது வராததல்ல. சித்திரைத் திருவிழாவில் இதே கோரிப்பாளையத்தில் ஒரு மோட்டார் வண்டி அசைய முடியுமா? அழகர் வருகிறார் என்றதும் ஊரே வண்டியை ஓரங்கட்டுகிறது. போலீஸ், மாநகராட்சி, நெடுஞ்சாலை எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வழித்தடம் போடுகிறார்கள். வருஷத்தில் சில நாள் முடிகிறது. பள்ளிக்கூடம் விடுகிற அரை மணி நேரத்துக்கு முடியாதா என்றுதான் மனுவில் கேட்டிருக்கிறோம். பள்ளி வாசல்களில் 30 கிலோமீட்டர் வேகம். 2020-இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட வேகம்தான் அது.

விடிந்துவிட்டது. நோட்டில் பக்கம் தீர்ந்து அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டிக்கர் சுருள் காலி. டீ கேன்காரர் ரெண்டாம் நடை திரும்பிவருகிறார், கூடவே இன்னும் மூன்று கேன்காரர்கள். "இவய்ங்களுக்கும் ஒட்டி விடுங்க தம்பி."

அடுத்த எண்ணிக்கை ஒரு வேலை நாளில்தான் வைப்போம். ஞாயிற்றுக்கிழமையில் எண்ணினால் எங்களையே நாங்கள் ஏமாற்றிக்கொள்கிறோம் என்று பொருள். உங்கள் தெரு முனையில் நீங்களும் தொடங்குங்கள். எங்களோடு உட்கார ஆசையென்றால் நாலே முக்காலுக்கு வாருங்கள். நோட்டும் சாக்பீஸும் நீங்கள் கொண்டுவாருங்கள். டீ நான் சொல்கிறேன்.