நீர் தெளிந்தால் போதுமா?

ஆசிய நன்னீர் மட்டி 1938-இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் உயிருடன் கண்டறியப்பட்டது. விரல்நுனி அளவு மஞ்சள் பழுப்பு ஓடு, அதன்மேல் நெருக்கமான வளைவரிகள். இன்று அந்நாட்டு ஆறுகள் பலவற்றின் மணலுக்கடியில் இதுதான் நெருக்கியடித்துக் கிடக்கிறது. நீரை வடிகட்டித் தருகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1980-களில் வாஷிங்டன் அருகே பொட்டோமாக் ஆறு தெளிந்து நீர்த்தாவரங்கள் திரும்பியதில் இந்த மட்டிக்கும் பங்கிருந்தது. ஆனால் அது வடிகட்டி எடுப்பது உள்ளூர் மட்டிகள் உண்ணும் நுண்பாசியையும்தான். அவற்றின் குஞ்சுகள் பெரும்பாலும் மீனின் செவுளில் ஒட்டித்தான் வளர வேண்டும். வந்தேறிக்கோ மீனும் வேண்டாம், துணையும் வேண்டாம். ஒற்றை மட்டியே பெருகிவிடும்.

பேராற்றின் கணக்கைச் சிற்றோடைக்குப் போடவும் கூடாது. கோடையில் நீர் வற்றிச் சூடேறினால் இவை கூட்டமாகச் செத்து அழுகும். அப்போது கிளம்பும் அம்மோனியாவைக் கரைத்து இழுத்துப்போக ஓடையில் போதிய ஓட்டம் இருக்காது. உள்ளூர் மட்டிக் குஞ்சுகள் அதில் மடியும். பரவியபின் ஒழிப்பது மிகக் கடினம். தூண்டில் இரைக்காக வாளியில் கொண்டுபோன மட்டிகளை வேறு ஓடையில் கொட்டாமல் தடுப்பதே நம்பகமான வழி.